ஏழரை விரல் கடிவாளம்

அந்த வாசனை என்னிடமிருந்துதான் வருகிறது தம்பி. குதிரை வாசனை. காலையில் இரண்டு முறை குளித்தேன். மூன்றாவது முறை குளிக்கப் போனபோது என் மனைவி பாவாயி வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க போறதும் குதிரை இருக்கற வீடு. யாருக்கு மறைக்கறீங்க?" என்றாள். நீங்கள் சன்னல் பக்கமே இருங்கள். வண்டி கிளம்பிக் காற்று வந்தால் தெரியாது.

நீங்கள் தாராபுரம்வரை. நான் நாலு நிறுத்தம் முன்னால் இறங்கிவிடுவேன். மகளைத் தலை ஆடிக்கு அழைத்து வரப் போகிறேன். சம்பந்தி அனுப்ப மாட்டேன் என்கிறார். என்ன தகராறு என்று நீங்கள் கேட்கவில்லை, சரிதான். ஆனால் கேள்வி முகத்தில் தெரிகிறது.

பெயர் ராக்கியப்பன். பழனியில் குதிரை வண்டி ஓட்டுகிறேன், முப்பத்தொரு வருடமாக. எனக்குப் பேச்சு வராது தம்பி. சவாரி ஏறுகிறவர்களிடம் எங்கே, எத்தனை பேர், இந்த இரண்டு கேள்விதான். படிப்பு ஐந்தாவதுவரை. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மதிப்பெண் ஏன் போனது என்று வாத்தியாரிடம் கேட்க வெட்கம். இன்றுவரை தெரியாது.

ஆனால் குதிரையின் வாய் தெரியும். யாராவது குதிரை தலையை உதறுகிறது, இழுத்தால் நிற்கவில்லை என்றால் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் வாயைப் பார்த்து எந்த அளவு இரும்பு வேண்டும் என்று சொல்வேன். கடிவாளம் என்று ஊரில் மொத்தத்துக்கும் சொல்வார்கள். வார், வளையம், எல்லாம் சேர்த்து. நான் சொல்வது வாய்க்குள் போகிற இரும்பை மட்டும். அதுதான் குதிரையோடு பேசுகிறது. மற்றதெல்லாம் அலங்காரம். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வாய். ஒவ்வொன்றின் அளவும் நோட்டில் இருக்கிறது. ஒரு இரும்புகூடத் திரும்பி வந்ததில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, எண்ணிக்கைக்குச் சொல்கிறேன்.

ஆண் குதிரைக்கு நாற்பது பல் தம்பி. பெண் குதிரைக்கு முப்பத்தாறு. என் கையைப் பாருங்கள், இதைத் தாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் முன்பற்கள், மேலே ஆறு, கீழே ஆறு. புல் கடிக்க. மணிக்கட்டுப் பக்கம் கடைவாய்ப் பற்கள் இருபத்து நாலு. அரைக்க. ஆணுக்கு மட்டும் நடுவில் நாலு கோரைப்பல். சண்டைக்கு. கோரைப்பல்லுக்கும் கடைவாய்க்கும் இடையில், இதோ என் உள்ளங்கை இருக்கிற இடம், அங்கே பல்லே கிடையாது. வெறும் ஈறு. இரும்பு உட்கார வேண்டியது அங்கேதான். ஈறு மெத்தென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் முழங்கால் முன் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். தொடுங்கள், யாரும் பார்க்கவில்லை. அதே மாதிரி, தோலுக்கு அடியில் உடனே எலும்பு. அதன்மேல் ஒரு ஆள் முழு பலத்தோடு இரும்பை இழுத்தால் எப்படி இருக்கும்?

அதனால் அளவு சரியாக இருக்க வேண்டும். உதட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, வாய் வழியாக நூல் விட்டு அளக்க வேண்டும். வந்த அளவோடு அரை விரல் அகலம் சேர்க்கலாம். அதற்குமேல் கூடாது. குறைந்தால் உதட்டைக் கிள்ளும். கூடினால் வாய்க்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடும். நடுவில் மடங்குகிற இரும்பாக இருந்தால் இன்னும் மோசம். இழுக்கும்போது மடங்கி எழும்பி மேலண்ணத்தைக் குத்தும். மாட்டியபின் உதட்டோரத்தில் ஒரு மடிப்பு விழ வேண்டும். இரண்டு விழுந்தாலும் பரவாயில்லை. மூன்று விழுந்தால் குதிரை சிரிக்கிற மாதிரி தெரியும். சிரிக்கவில்லை தம்பி.

கண்டக்டர் ஏன் இப்படிப் பார்க்கிறார்? சீட்டு எடுத்தாகிவிட்டது. சரி.

மாசி பதினைந்தில் என் மகள் மைதிலிக்குக் கல்யாணம். ஒரே மகள். சம்பந்தி பெயர் சென்னியப்பன். தோட்டம், தென்னை எல்லாம் இருக்கிறது, ஆனால் அவர் பேசுவது குதிரையைப் பற்றித்தான். ரேக்ளாப் பந்தயத்துக்கென்று ஒரு குதிரை வாங்கியிருந்தார். ஜமீன் என்று பெயர் வைத்திருந்தார். நிச்சயத்தன்று அவர் சொன்னது இது: "ஏழு வயசுங்க சம்பந்தி. பால் பல்லு விழுந்தது நேத்துத்தான் மாதிரி இருக்குது." ஒரு முறை இல்லை, மூன்று முறை சொன்னார். வெற்றிலை மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் இரண்டு.

பெண் வீட்டுச் சீரில் மாப்பிள்ளைக்கு வண்டி கேட்பார்கள், மோதிரம் கேட்பார்கள். சம்பந்தி, "ஜமீனுக்கு உங்க கையால ஒரு கடிவாளம் குடுத்துருங்க, போதும்" என்றார். எனக்குச் சந்தோஷம். அளவெடுக்க வேண்டுமே. அங்கேதான் சிக்கல்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது தம்பி. அடுத்தவர் குதிரையின் வாயை அவர் சொல்லாமல் திறக்கக் கூடாது. வாங்க வந்தவன்தான் திறக்கலாம். மற்றவன் திறந்தால், நீ சொன்ன வயது பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். ஏனென்றால் பல்லில்தான் வயது இருக்கிறது. இதற்காக வெட்டுக்குத்துவரை போன குடும்பங்கள் எனக்கு மூன்று தெரியும். நானோ பெண் கொடுக்கிறவன். மூன்று முறை ஏழு வயது என்று சொன்ன மனிதரிடம் போய், வாயைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பேன்? வெட்கம் வேறு. ஆறடி தள்ளி நின்று கண்ணால் அளந்தேன். ஆறரை விரல் வாய், அரை விரல் சேர்த்தால் ஏழு விரல் இரும்பு.

கொல்லரிடம் சொல்லப் போகும்போது பாவாயி வந்தாள். "சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கற சாமான் சின்னதா இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பெரிய குதிரைன்னு சொல்றாரு. கொஞ்சம் தாராளமா அடிக்கச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அது குத்துவிளக்கு மாதிரி ஒரு சாமான். நான் மறுத்துப் பேசவில்லை. இன்னொரு அரை விரல் கூடியது. ஏழரை விரல். இரண்டு ஓரத்திலும் வெள்ளிப் பூண். மண்டபத்தில் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். நான் பக்கத்திலேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் இது நானூற்றுப் பன்னிரண்டாவது என்று சொன்னேன். கேட்காத சிலருக்கும் சொன்னேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஜமீன் வேலியை உடைத்தது. இடப்பக்கமாகவே இழுக்கிறதாம், தலையை வானத்துக்குத் தூக்குகிறதாம், மாப்பிள்ளை இழுக்க இழுக்க வேகமாக ஓடுகிறதாம். நான் கேள்விப்பட்டதும் பாவாயியிடம் சொன்னேன், மாப்பிள்ளைக்குக் கை முரடு. பிறகு சொன்னேன், தீனி சரியில்லை. பிறகு, அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். ஏழு காரணம் சொன்னேன்.

சம்பந்தி ஒரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். குதிரை நன்றாகத்தான் இருந்தது, மருமகள் வந்தபிறகு கெட்டது. அவளுடைய ராசி.

மைதிலி போனில் இதைச் சொல்லவே இல்லை. "நல்லா இருக்கறேன்ப்பா, சாப்ட்டீங்களா" என்பாள். அவர்கள் தெருவில் பாவாயிக்கு ஒரு ஒன்றுவிட்ட அக்காள் இருக்கிறாள், அவள்தான் சொன்னாள். காலையில் குதிரையை வெளியே கொண்டுவரும்போது என் மகளை உள்ளே போகச் சொல்கிறார்களாம். குதிரை கண்ணில் அவள் படக் கூடாதாம். பாவாயி இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் ஒரு நாள்.

வைகாசி இருபத்திரண்டில் சம்பந்தியே கூப்பிட்டார். "ஏனுங்க, அம்மணிய ஆடிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஆடிக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. "இன்னும் வைகாசியே முடியலைங்களே" என்றேன். "ஆனியில பந்தயம் இருக்குதுங்க. கொஞ்சம் முன்னாடியே ஆடி வந்துட்டதா வெச்சுக்குங்க" என்றார்.

என்ன சொல்ல வருகிறார் என்று புரிகிறதல்லவா? பந்தயத்தில் தோற்றால் பழி அவள்மேல். ஜெயித்தால் அவள் இல்லாததால் ஜெயித்தது. எப்படி ஓடினாலும் என் பெண் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது.

அடுத்த நாளே போனேன். ஒரு சீப்பு பழம், இரண்டு கிலோ லட்டு, இடுப்பில் ஒரு முழம் நூல். சம்பந்தி குளிக்கப் போயிருந்தார். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். குதிரையின் வாயோரத்தில், பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை நுழைத்தால் தானாகத் திறக்கும். திறந்தது. நாக்கை மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கிப் பார்த்தேன்.

இடப்பக்க ஈறு புண்ணாகி இருந்தது. மேலண்ணத்தில் காசு அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. பற்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். இடப்பக்கம் மேலே, முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் அரிசி மாதிரி ஒரு பல். சில குதிரைக்கு அப்படி வரும், எந்தக் கணக்கிலும் சேராத பல். அகலமான இரும்பு ஓடி ஓடி அதில்தான் இடித்திருக்கிறது.

நூலை விட்டு அளந்தேன். ஆறு விரல். ஆறரை இரும்பு போட வேண்டிய வாய்க்கு நான் ஏழரை கொடுத்திருக்கிறேன்.

இதோடு கையை எடுத்திருக்கலாம். என் கண் சும்மா இருக்காது தம்பி. மேல் வரிசை ஓரப் பல்லில் ஒரு பழுப்புக் கோடு உண்டு. பத்து வயதில் ஈறோரம் எட்டிப் பார்க்கும். பதினைந்தில் பாதிப் பல்லுக்கு இறங்கும். ஜமீனுக்குப் பாதியைத் தாண்டியிருந்தது. பதினாறு வயது. விற்றவன் யாரோ, நம் சம்பந்தியை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.

"ஏனுங்க சம்பந்தி, அங்க கைய விட்டு என்ன தேடறீங்க?"

ஈரத் துண்டோடு நிற்கிறார். பின்னால் பந்தயக்காரர்கள் நாலு பேர். என் கை மணிக்கட்டுவரை வாய்க்குள் இருக்கிறது. ஜமீன் என் சட்டைக் கையைச் சப்புகிறது.

"ஈறு பாத்தனுங்க" என்றேன்.

"ஈறு பாத்தீங்களா, வயசு பாத்தீங்களா?"

நாலு பேரில் ஒரு பெரிய மீசை, "விடுங்கண்ணா. பொண்ணு பாக்கப் போயி நாம அவுங்க ஊட்டுல எல்லாத்தையும் பாக்கலியா? இப்ப அவரு முறை" என்றது. மற்றவர்கள் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை.

"எம் பேச்சு மேல நம்பிக்கை இல்லாமத்தான வாயத் திறந்தீங்க? எல்லார்த்துக்கு முன்னாடியும் சொல்லுங்க, என்ன கண்டீங்க?"

கொட்டகை வாசலில் மைதிலி நின்றாள். கையில் துணிப்பை, ஊருக்குக் கிளம்பத் தயாராக. என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் இரண்டு வழி தம்பி. பதினாறு வயது என்று சொல்லிவிடலாம். உண்மை. கிழட்டுக் குதிரை ஓடாததற்கு என் மகள் என்ன செய்வாள் என்று கேட்கலாம். சம்பந்தி நாலு பேர் முன்னால் தலை குனிவார், அதன்பிறகு என் மகள் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் நிம்மதியாகக் குடிக்க முடியாது. இன்னொரு வழி, இரும்பு தப்பு என்று சொல்வது. அதுவும் உண்மை. ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு...

மைதிலிதான் கேட்டாள். "அப்பா, நூல்ல எத்தனை விரல் வந்துச்சு?"

சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்கு அளவு கேட்கிற ஆர்வம் உண்டு. அதனால் கேட்டாள் என்று நினைத்தேன்.

"ஆறு" என்றேன்.

"நாம குடுத்தது?"

"ஏழரை."

மீசைக்காரர் துள்ளினார். "ஏழரையா? அப்பறம் எப்படீங்கண்ணா வெளங்கும்? சனிய வாய்லயே மாட்டிட்டு, ஊட்டுக்கு வந்த புள்ளையப் போயிச் சொல்றீங்க!"

சிரிப்பு. நான் சம்பந்தியைப் பார்த்து, "தப்பு என்னோடதுங்க. அளக்காமக் குடுத்துட்டேன். ஒரு விரல் கூடுதல். அது வாய்க்குள்ள ஓடி ஓடிப் புண்ணாக்கிருச்சு. பொண்ணு ராசியெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நான் குடுத்த இரும்புதான்" என்றேன். எனக்கு அதுவரை அவ்வளவு பெரிய பேச்சு ஒரே மூச்சில் வந்ததில்லை.

சம்பந்தி முகம் மலர்ந்தது. என்னிடம் ஒரு தப்பு கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நானூத்திப் பன்னெண்டுன்னீங்களே சம்பந்தி?" என்று என் தோளைத் தட்டினார். இரண்டு முறை தட்டினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி கை நின்றது. குரலைத் தாழ்த்தி, "வயசு ஒண்ணும் பாக்கலையில்லங்க?" என்றார்.

"பாக்கலைங்க" என்றேன். "பாக்கச் சொன்னீங்கன்னா இப்பப் பாத்துச் சொல்லிர்றேன். வெளிச்சம் நல்லாத்தான் இருக்குது."

ஜமீன் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. எல்லாப் பல்லும் தெரிந்தது. சம்பந்தி சட்டென்று நகர்ந்து, குதிரைக்கும் பந்தயக்காரர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க. நமக்குள்ள என்ன. அம்மணி, பையக் கொண்டுபோயி உள்ள வெச்சுட்டு அப்பாவுக்கு மோர் கொண்டா. ஆடி ஆடியில வந்தாப் போதும்."

நான் மிரட்டினேன் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் புது இரும்பு கொண்டுபோனேன். ஆறரை விரல், நடுவில் மடங்காதது, நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்தது, மேலே மெல்லிய தோல் சுற்றியது. அந்த நாற்பத்தொன்றாவது பல்லை மாட்டு டாக்டர் வந்து எடுத்தார். புண் ஆறும்வரை வாயில் ஒன்றும் மாட்டக் கூடாது என்றேன். ஆனியில் பந்தயத்தில் பதினாலு வண்டியில் மூன்றாவதாக வந்தது ஜமீன். பதினாறு வயதுக் குதிரை. உண்மை தெரிந்திருந்தால் ஊரே அதற்கு மாலை போட்டிருக்கும். சொல்ல முடியாது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முந்தாநாள் சம்பந்தி போன் செய்கிறார். "ஆடிக்கு அம்மணிய அனுப்ப முடியாதுங்க. அவ கையால மாட்டுனாத்தான் ஜமீன் வாயத் திறக்குது. அடுத்த மாசம் காங்கயத்துப் பக்கம் பந்தயம். அவ ராசி அப்படி. ஊட்டுக்கு வந்த மகாலட்சுமிய நான் எப்படீங்க வெளிய அனுப்புவேன்?"

எனக்குக் கோபம் வந்தது தம்பி. ராசி இல்லை ஐயா, அவள் இரும்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டுகிறாள், கட்டைவிரலைச் சரியான இடத்தில் வைக்கிறாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். "நீங்க அடக்கமாச் சொல்றீங்க" என்றார். கெட்ட ராசி என்றபோதும் அளவுதான் காரணம், நல்ல ராசி என்னும்போதும் அளவுதான் காரணம். இன்று நேரில் போய்த் தெளிவாகச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பாவாயி வாசல்வரை வந்து, "வாயத் திறந்தீங்கன்னா தெரியும். இப்ப ராசி நம்ம பக்கம் இருக்குது, அப்படியே இருக்கட்டும்" என்றாள். எனக்குப் பொய் பிடிக்காது. ஆனால் பாவாயி சொன்னால் பிடிக்கும்.

நேற்று மைதிலியே பேசினாள். "நீங்க வாங்கப்பா. மாமா என்ன சொன்னாலும் நான் வர்றேன். ஜமீனும் ஒரு மாசம் படுத்துக் கெடக்கட்டும். பதினாறு வயசுல எத்தனை ஓடும், பாவம்?"

நான் பாவாயியிடம்கூட வயதைச் சொல்லவில்லை.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"நான் வந்த மூணா நாளே வாயத் திறந்து பாத்துட்டேன்ப்பா. மாமா தோட்டத்துக்குப் போயிருந்தாரு."

"அப்ப அந்த இரும்பு?"

"அதுவும் அன்னைக்கே தெரியும்."

மூன்றாம் நாள். கொட்டகையில் நான் நின்றது தொண்ணூற்றெட்டாம் நாள். நடுவில் தொண்ணூற்றைந்து நாள் தம்பி. குதிரை கண்ணில் படாதே என்று உள்ளே தள்ளும்போதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆடிக்கு முன்னாலேயே கிளம்பு என்றபோதும் தெரியும். பையை மடித்துத் துணி அடுக்கும்போதும் தெரியும்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"மண்டபத்துல நீங்க ஒவ்வொருத்தரா நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கை சொல்லிட்டிருந்தீங்களேப்பா."

அவ்வளவுதான். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

கொட்டகையில் சம்பந்தியைப் பார்த்துத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு குதிரையின் காதிலும் சொன்னேன், யாரும் இல்லாதபோது. அவளிடம் சொல்லவில்லை. தோன்றவே இல்லை தம்பி. இன்று திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் பழனியிலிருந்து யோசிக்கிறேன். நீங்கள் அவள் என்று வைத்துக்கொள்கிறேன், சரியாக இருக்கிறதா கேளுங்கள். "மைதிலி, தொண்ணூற்றைந்து நாள்..." இல்லை, எண்ணிக்கை வேண்டாம். "மைதிலி, அப்பா உன்னை..."

ஏன் சன்னலைப் பார்க்கிறீர்கள்? ஓ, நிறுத்தமே வந்துவிட்டதா? கண்டக்டர், இறங்கணுங்க!

அதோ, புளிய மரத்தடியில் நிற்கிறாளே, அவள்தான். பக்கத்தில் துண்டோடு சம்பந்தி. பையின் ஒரு காதை அவள் பிடித்திருக்கிறாள், இன்னொரு காதை அவர் பிடித்திருக்கிறார். விடமாட்டார் போலிருக்கிறது. கொஞ்சம் காலை மடக்குங்கள் தம்பி, நான் போய் என் மகள் பக்கம் பிடிக்கிறேன்.